மூன்று மணி நேரத் தொழிலாளி: கத்தோலிக்க சமூகப் போதனையும் பிரெஞ்சுத் தொழிலாளிக் குருக்களும்

1954 மார்ச் 1. பிரான்சில் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் சுரங்க வேலைகளிலும் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ நூறு கத்தோலிக்கக் குருக்களுக்கு, அவர்களுடைய ஆயர்கள் விதித்த கெடு அன்றோடு முடிந்தது. நிபந்தனைகள் அதிகமில்லை. தொழிற்சங்கத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்கக் கூடாது. தனித்து வாழக் கூடாது, குருக்கள் குழு ஒன்றோடு அல்லது ஒரு பங்கோடு இணைந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று: உடலுழைப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இந்த மூன்று மணி நேரம் என்கிற கணக்கில்தான் எனக்கு அக்கறை. மூன்று மணி நேரம் மட்டும் வேலை பார்க்கிற ஆளை எந்த ஆலைக்காரன் சேர்த்துக்கொள்வான்? வேலையை விட்டுவிடு என்று நேரடியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'உழைக்கலாம், ஆனால் தொழிலாளியாக இருக்கக் கூடாது' என்றார்கள். உழைப்பு வேறு, தொழிலாளியாக இருப்பது வேறு என்பதை அன்றைய பல மார்க்சியர்களைவிடவும் துல்லியமாக ரோமாபுரி புரிந்துவைத்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் தொழிலாளர் இயக்கத்துக்குமான உறவைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுகள் உண்டு. ஒன்று இடதுசாரிப் பேச்சு. மதம் ஆளும் வர்க்கக் கருவி, பாதிரி முதலாளியின் கையாள், அத்தோடு கதை முடிந்தது. எனக்குத் தெரிந்த பழைய தொழிற்சங்கக்காரர் ஒருவர், "சாமியாருக்குச் சங்கத்துல என்னய்யா வேலை? பஞ்சாயத்துப் பண்ணத்தான் வருவாரு" என்பார். இன்னொன்று திருச்சபை வட்டாரங்களில் கேட்கிற பேச்சு. 1891லேயே எங்கள் பாப்பரசர் தொழிலாளிக்காகக் குரல் கொடுத்துவிட்டார், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதன் விளக்கவுரைதான் என்கிற பெருமிதம். இரண்டுமே 1954ஐ விளக்க உதவாது. சங்கம் அமைப்பது இயற்கை உரிமை என்று உலகத்துக்குச் சொன்ன அதே நிறுவனம், அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்துத் தன் சொந்தக் குருக்களைச் சங்கப் பொறுப்பிலிருந்து ஏன் இழுத்துக்கொண்டது? இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. முரண்பாடு இல்லை, ஒரே தர்க்கம்தான் என்பது என் வாசிப்பு.

முதலில் அந்த 1891 பிரதிக்கு வருவோம். பதின்மூன்றாம் லியோ மே 15 அன்று வெளியிட்ட சுற்றுமடல், இலத்தீனில் அதன் தொடக்கச் சொற்களால் 'ரேரும் நோவாரும்' என்று வழங்குகிறது. 'புதியன பற்றி' என்று நம்மூர்ப் பக்தி நூல்கள் மொழிபெயர்க்கின்றன. இலத்தீன் எழுத்தாளர்களிடையே அந்தச் சொற்றொடருக்கு வேறொரு வழக்குண்டு: ஆட்சிக் கவிழ்ப்பு, கலகம், புரட்சி. ஆக, தொழிலாளர் உரிமைச் சாசனம் என்று கொண்டாடப்படுகிற பிரதி, புரட்சி வேட்கை பரவிவிட்டதே என்கிற கவலையோடுதான் வாயைத் திறக்கிறது. தொழிலாளியின் துயரத்தைச் சொல்லிவிட்டு உடனே சோசலிசத்தை மறுக்கப் போகிறது. தனிச்சொத்து இயற்கை உரிமை என்கிறது. வேலைநிறுத்தத்தை, காரணங்களைக் களைந்து முன்கூட்டியே தடுக்க வேண்டிய தீங்காகப் பார்க்கிறது.

ஆனால் அதே பிரதிக்குள் வேறொன்றும் இருக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் மனமுவந்து ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நியாயமான கூலி ஆகிவிடாது என்கிறது. சிக்கனமும் ஒழுக்கமும் உள்ள ஒரு தொழிலாளி பிழைக்கப் போதாத கூலியை, வேறு வழியில்லாமல் அவன் ஏற்றுக்கொண்டாலும் அது அவன்மீது இழைக்கப்பட்ட வன்முறைதான் என்கிறது. 'சுதந்திர ஒப்பந்தம்' என்கிற தாராளவாதத்தின் அடிக்கல்லில் கைவைக்கிற வாதம் இது. அரசு தலையிட வேண்டும் என்றும், சங்கம் சேர்வதை அரசு தடுக்க முடியாது என்றும் சொல்கிறது. சங்கம் என்றால் எப்படிப்பட்ட சங்கம்? அன்றைய கத்தோலிக்கப் பிரபுக்களின் கனவு, முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் அமர்கிற கலப்புச் சங்கம். மத்தியகாலக் கைவினைக் குழுக்களின் ஆவி. சுற்றுமடலின் வரைவுகள் 1957ல் அச்சில் வந்தன. 'தொழிலாளர் மட்டுமே உள்ள சங்கங்களும்' என்கிற சொற்கள் கடைசிக் கட்டத் திருத்தத்தில்தான் உள்ளே வந்தன என்று அவற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மெலிந்த ஒரு வாக்கியத் துண்டு. பிற்பாடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கத்தோலிக்கத் தொழிலாளி சங்கத்துக்குப் போக வழிவிட்டது அந்தத் துண்டுதான்.

அந்தத் துண்டு சும்மா வந்துவிடவில்லை. பின்னால் தொழிலாளர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் 1869ல் பிலடெல்பியாவில் இரகசியச் சங்கமாகத் தோன்றிய 'உழைப்பின் வீரர்கள்' அமைப்பு, 1886ல் ஏழு லட்சம் உறுப்பினர்களைத் தொட்டது. அதன் தலைவர் டெரன்ஸ் பவுடர்லி கத்தோலிக்கர். உறுப்பினர்களில் பெருந்திரளானோர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். இரகசியப் பிரமாணம் எடுக்கிற சங்கம் என்பதால் 1884ல் கியூபெக் பேராயர் டாஷரோ, ரோமிலிருந்து அதற்கு எதிரான கண்டனத்தை வாங்கிவிட்டார். அந்தக் கண்டனம் அமெரிக்கா முழுவதற்கும் பரவினால் என்ன ஆகும்? பால்டிமோர் கார்தினால் கிப்பன்ஸ் 1887 பிப்ரவரியில் ரோமில் கொடுத்த மனுவின் சாரம் இதுதான்: கண்டித்தால் மக்களை இழப்போம். அறத்தைவிட எண்ணிக்கை அதில் உரக்கப் பேசுகிறது. 1888ல், விதிகளைத் திருத்திக்கொண்டால் சகித்துக்கொள்ளலாம் என்று ரோம் இறங்கிவந்தது. (இந்த வீரர்களைப் புனிதப்படுத்தவும் தேவையில்லை. கறுப்பினத்தவரையும் பெண்களையும் சேர்த்துக்கொண்ட அதே சங்கத்தைச் சேர்ந்தவர்கள், 1885ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்ற கும்பலில் இருந்தார்கள். தொழிலாளி என்கிற சொல்லுக்குள் யார் யாரெல்லாம் அடங்குவார்கள் என்கிற கேள்வி பாப்பரசர்களிடம் மட்டும் கேட்க வேண்டியதல்ல.)

இன்னொரு பக்கம் இலண்டன். 1889 ஆகஸ்டில் துறைமுகக் கூலிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். காலையில் வாயிற்கதவுக்கு முன்னால் முண்டியடித்து நின்று, மேஸ்திரி கைகாட்டுகிறவன் மட்டும் உள்ளே போகிற பிழைப்பு. மணிக்கு ஐந்து பென்ஸ் வாங்கியவர்கள் ஆறு பென்ஸ் கேட்டார்கள். கூடவே இன்னொரு கோரிக்கை: ஒரு ஆளை வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேலை கொடுக்க வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி என்று துண்டு துண்டாக எடுத்துவிட்டு விரட்டக் கூடாது. நான்கு மணி நேரத்துக்குக் கீழே உழைப்பு மனிதனுக்குச் சோறு போடாது என்பது அவர்கள் உடம்பால் அறிந்த கணக்கு.

அந்தக் கூலிகளில் நிறையப் பேர் ஐரிஷ் கத்தோலிக்கர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கார்தினால் மானிங்குக்கு அப்போது வயது 81. பெரிய வீட்டுப் பிள்ளை, ஆங்கிலிக்கனாக இருந்து மதம் மாறியவர். அவர் நிர்வாகத்துக்கும் போராட்டக் குழுவுக்கும் இடையே நடையாய் நடந்தார். பாப்லர் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் போராட்டக் குழுவோடு உட்கார்ந்து பேசி, ஆறு பென்ஸ் நவம்பர் 4 முதல் அமலாகும் என்கிற சமரசத்துக்கு அவர்களைச் சம்மதிக்க வைத்தார். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் வழிநடத்திய போராட்டம் வென்றது. நம்ம தொழிற்சங்கக்காரர் சொல்வதுபோல இதுவும் பஞ்சாயத்துதான். ஆனால் பஞ்சாயத்துப் பண்ணுகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்கிறார் என்பதில் கூலி ஒரு பென்னி கூடிவிடுகிறது. பட்டினி கிடந்தவனுக்கு அது சின்ன விஷயமல்ல. ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் அனுப்பிய முப்பதாயிரம் பவுனுக்கும் மேற்பட்ட நிதி இல்லாவிட்டால் பஞ்சாயத்துக்கே இடமிருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிப்பன்ஸ், மானிங் இருவருமே தொழிலாளிக்கு *அருகில்* நின்றவர்கள். அவர்கள் சார்பில் பேசினார்கள். லியோவின் பிரதியும் அப்படித்தான். தொழிலாளி அங்கே பேசப்படுகிறவன். கூலி, ஓய்வு, குடும்பம், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பற்றி அவனுக்காகப் பேசுகிற குரல் ஆசனத்திலிருந்து வருகிறது. உரிமை கேட்கப்படுவதில்லை, அருளப்படுகிறது. அருளப்படுகிற உரிமைக்கு எல்லை வகுப்பவர் அருளியவர்தான்.

அந்த எல்லை நாற்பதாண்டுகளில் வெளிச்சத்துக்கு வந்தது. 1931ல் பதினொன்றாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், முதலாளித்துவக் குவிப்பைக் கடுமையாகச் சாடியது. அதே மூச்சில், நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோசலிஸ்டாகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்றது. தீர்வாக அது காட்டியது தொழில்வாரி அமைப்புகளை. அதாவது வர்க்கமாகப் பிரியாமல் தொழிலாக ஒன்றுசேர்வது. முசோலினியின் இத்தாலியில் இருந்துகொண்டு இதை எழுதுவதன் அர்த்தம் என்ன என்று கேட்காமல் இருக்க முடியாது. சுற்றுமடல் பாசிச அமைப்பைப் பற்றிச் சில தயக்கங்களையும் பதிவுசெய்தது என்பது உண்மைதான். ஆனால் பெத்தேன் ஆட்சி 1941 அக்டோபரில் பிரான்சில் கொண்டுவந்த தொழிலாளர் சாசனம் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தபோது, அதற்குத் தேவையான சொற்கள் இந்தக் கருவூலத்தில் தயாராக இருந்தன.

அதே நேரத்தில், சோசலிஸ்டுகளிடமிருந்து தொழிலாளியைப் பிரித்துவைக்க 1919ல் தொடங்கப்பட்ட கிறித்தவத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான சி.எஃப்.டி.சி.யின் தலைவர்கள் சிலர், 1940 நவம்பரில் சி.ஜி.டி. தலைவர்களோடு சேர்ந்து பெத்தேனுக்கு எதிரான 'பன்னிருவர் அறிக்கை'யில் கையெழுத்திட்டார்கள். போதனை ஒன்று, அதை வைத்து இரண்டு அணிகள். கருத்தியல் என்பது மேலிருந்து ஊற்றினால் அப்படியே கீழே நிரம்புகிற தண்ணீர் இல்லை. சங்கம் என்கிற பாத்திரத்துக்குள் இறங்கியதும் அது வேறு உரு எடுக்கிறது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

1943ல் ஆன்றி கோதேன், இவான் தனியேல் என்ற இரண்டு குருக்கள் எழுதிய ஒரு சிறு நூல் பாரிஸ் பேராயர் கார்தினால் சுஆரின் தூக்கத்தைக் கெடுத்தது. 'பிரான்சு, வேதம் பரப்ப வேண்டிய நாடா?' என்பது அதன் தலைப்பு. அதுவரை வேதம் பரப்புகிற நாடு என்றால் ஆப்பிரிக்கா, சீனா, நம்முடைய மதுரை, திருச்சி. பிரான்சுதான் அனுப்புகிற நாடு. அந்தக் காலனிய வரைபடத்தை இவர்கள் தலைகீழாகத் திருப்பி, பாரிஸின் புறநகர்த் தொழிலாளர் குடியிருப்புகளை அஞ்ஞானிகளின் நாடாக வரைந்தார்கள். இதில் ஒரு நேர்மையும் இருக்கிறது, ஒரு பழைய திமிரும் இருக்கிறது. தொழிலாளி இன்னமும் 'போய்ச் சேர வேண்டிய' ஆள்தான். பாரிஸ் மிஷன் தொடங்கிய சில நாட்களிலேயே, 1944 ஜனவரியில், கோதேன் தன் அறையில் கணப்பு அடுப்பின் புகையில் மூச்சுமுட்டி இறந்துபோனார்.

இன்னொரு தொடக்கம் போர். 1943 முதல் பிரெஞ்சு இளைஞர்கள் லட்சக்கணக்கில் கட்டாய உழைப்புக்காக ஜெர்மனிக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களோடு குருக்கள் போக ஜெர்மானியர்கள் அனுமதி தரவில்லை. எனவே இருபத்தைந்து பேர் அளவில், தாங்கள் குருக்கள் என்பதை மறைத்துத் தொழிலாளிகளாகவே போனார்கள். சேசு சபையைச் சேர்ந்த ஆன்றி பெரேன் லைப்சிக்கில் கடைசல் பிடித்தார், பிடிபட்டுச் சிறையிலிருந்தார். இன்னொரு சேசு சபைக்காரரான விக்தோர் தில்லார் மின்பணியாளராகப் போய், 1945 ஜனவரியில் தாஹாவ் முகாமில் செத்தார். அங்கியில்லை, பங்கில்லை, மேடையில்லை. பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கு இவர் யாரென்று தெரியாது. திருச்சபை கொடுத்திருந்த அடையாளங்கள் எல்லாம் உரிக்கப்பட்ட ஒரு நிலை. பெரேன் திரும்பிவந்து 1945ல் வெளியிட்ட நாட்குறிப்பு பரவலாக வாசிக்கப்பட்டது.

மார்செய் துறைமுகத்தில் தொமினிக்கன் துறவி ழாக் லோவ் 1941லேயே மூட்டை தூக்கப் போய்விட்டார். துறைமுகக் கூலிகளின் நிலையைப் பற்றி ஆய்வு செய் என்று அனுப்பப்பட்டவர் அவர். நூலகத்தில் உட்கார்ந்து புள்ளிவிவரம் சேர்ப்பதைவிட மூட்டை தூக்கினால் தெரியும் என்று இறங்கினார். கள ஆய்வு பற்றிப் பேசுகிற நம் சமூகவியலாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் இவர்கள் நூறு பேர் ஆகிவிட்டார்கள். ஆலையில் ஷிப்டு முடித்து, குடியிருப்பில் சமையல் மேசைமேல் மாலைப் பூசை. வந்தது மதம் மாற்ற. ஆனால் எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன்னால் நின்றவனுக்கு முதலில் தெரியவருவது தன் உடம்பு. அசதி என்பது தியானப் பொருளல்ல என்பது அப்போது தெரிகிறது. அடுத்து தெரியவருவது, தனியாக நின்று எதையும் கேட்க முடியாது என்பது. அவர்களில் பலர் சேர்ந்தது கத்தோலிக்கர்களின் சி.எஃப்.டி.சி.யில் அல்ல, கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கிலிருந்த சி.ஜி.டி.யில். பக்கத்தில் வேலை செய்கிறவன் அங்கேதான் இருந்தான், அவ்வளவுதான் காரணம். எழுதப் படிக்கத் தெரிந்தவர், பயமில்லாமல் பேசுகிறவர், பிள்ளைகுட்டி இல்லாதவர். தொழிலாளர்கள் அவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்காமல் வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? பெரேன் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அணைக்கட்டுக்கான சுரங்கப்பாதை வேலையில் சங்கப் பொறுப்பாளராகி வேலைநிறுத்தத்தில் முன்னே நின்றார். 1951 ஏப்ரலில் பொர்தோ துறைமுகத்தில் மிஷேல் ஃபாவ்ரோ என்கிற குருவானவர், மேலிருந்து சரிந்த பாரத்தில் நசுங்கிச் செத்தார். 1952 மே 28ல் அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வேயின் வருகைக்கு எதிரான பாரிஸ் ஆர்ப்பாட்டத்தில் இரண்டு குருக்களைப் போலீஸ் பிடித்து அடித்தது.

கம்யூனிஸ்டுகளோடு ஒத்துழைக்கிற கத்தோலிக்கருக்கு எதிரான ரோமின் ஆணை 1949 ஜூலையில் வந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முந்தி, மே 30ல், சுஆர் இறந்துபோனார். குடை சாய்ந்துவிட்டது. 1953 செப்டம்பரில் பாப்பரசரின் தூதர் பிரெஞ்சு ஆயர்களைக் கூட்டி முடிவைச் சொன்னார். லியேனார், ஜெர்லியே, ஃபெல்த்தேன் ஆகிய மூன்று கார்தினால்கள் நவம்பரில் ரோமுக்குப் போய் மன்றாடினார்கள். கிடைத்த சமரசம்தான் அந்த மூன்று மணி நேரம்.

1889ல் இலண்டன் கூலி கேட்டது நான்கு மணி நேரத்துக்குக் குறையாத வேலை. 1954ல் ஆயர்கள் விதித்தது மூன்று மணி நேரத்துக்கு மிகாத வேலை. யாரும் திட்டமிட்டு இந்த எண்களை வைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த ஒரு மணி நேரத்தில்தான் வர்க்கம் இருக்கிறது. வயிற்றுக்காக உழைப்பை விற்கிற கட்டாயம் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் தொடங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் இருப்பது தவ முயற்சி, நல்லெண்ணச் செயல், துறவியின் தோட்டவேலை. நாசரேத்துத் தச்சனை வணங்குகிற மதத்துக்கு உடலுழைப்பில் எந்த ஆட்சேபமும் கிடையாது. அதற்கு ஆட்சேபம், உழைப்பு ஒருவனை வேறொரு கூட்டத்துக்குச் சொந்தமாக்கிவிடுவதில்.

பிப்ரவரி 3 அன்று எழுபத்துமூன்று குருக்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். விதிக்கப்பட்ட நிபந்தனைகள் தொழிலாளி வாழ்வைக் கைவிடச் சொல்கின்றன, தோழர்களோடு சேர்ந்து நடத்திவரும் போராட்டத்துக்குத் துரோகம் செய்யச் சொல்கின்றன என்பது அதன் சாரம். மொழியைக் கவனிக்க வேண்டும். 'தொழிலாளர்களுக்காக' என்று அவர்கள் பேசவில்லை. தங்களையும் சேர்த்து 'நாங்கள்' என்றார்கள். லியோ முதல் பத்திநாதர் வரை எந்தச் சுற்றுமடலிலும் இல்லாத தன்னிலை அது. திருச்சபைக்குப் பொறுக்க முடியாமல் போனது கம்யூனிசமா, இந்தச் சர்வநாமமா? கெடுபிடிப்போர்க் காலத்துப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கம்யூனிசம் மட்டும்தான் சிக்கல் என்றால் சி.ஜி.டி.யை விட்டு சி.எஃப்.டி.சி.க்குப் போ என்று சொல்லியிருக்கலாமே. எந்தச் சங்கத்திலும் பொறுப்பு கூடாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

கிராம்சி சிறைக் குறிப்புகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஒரு சாமர்த்தியத்தைக் கவனித்திருக்கிறார். படித்த குருகுலமும் பாமரரும் இரண்டாகப் பிரிந்துவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. எப்படி என்றால், பாமரரை அறிவாளிகளின் தளத்துக்கு உயர்த்துவதன் மூலமல்ல. அறிவாளிகள் ஒரு வரம்பைத் தாண்டாதபடி அவர்கள்மீது இரும்புக் கட்டுப்பாடு விதிப்பதன் மூலம். 1954 அதன் பாடப்புத்தக உதாரணம். அதே பிப்ரவரியில் தொமினிக்கன் சபையின் மூன்று பிரெஞ்சு மாகாணத் தலைவர்கள் நீக்கப்பட்டார்கள். இறையியலாளர்கள் மரி-தொமினிக் ஷெனுவும் இவ் கோங்காரும் பாரிஸிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஷெனு செய்த குற்றம், தொழிலாளிக் குருக்களின் குருத்துவம் முழுமையானதே என்று ஒரு கட்டுரை எழுதியது.

ஏறக்குறையப் பாதிப் பேர் கீழ்ப்படிந்தார்கள், பாதிப் பேர் ஆலையிலேயே இருந்துவிட்டார்கள். லோவ் கீழ்ப்படிந்தார். பெரேன் அந்த அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். கீழ்ப்படிந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்சி கட்டுப்பாட்டுக்குப் பணிந்து தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்ட எத்தனையோ தோழர்களை நமக்குத் தெரியும். நிறுவனத்துக்கு வெளியே வார்த்தைக்கு அர்த்தமில்லை என்று நம்புகிறவனின் வேதனை, மதக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. இருந்துவிட்டவர்களிடமும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: குருப்பட்டம் இல்லாத வெறும் ஃபிட்டராக இருந்திருந்தால் உலகப் பத்திரிகைகள் அவர்களைத் திரும்பிப் பார்த்திருக்குமா?

இந்த இடத்தில் மதலேன் தெல்ப்ரேலை நினைக்கிறேன். சமூகப் பணியாளரான அவர் 1933ல் இவ்ரி என்கிற கம்யூனிஸ்ட் நகராட்சிப் பகுதியில் சில பெண்களோடு குடியேறி, 1964ல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். கம்யூனிஸ்டுகளோடு வேலை செய்தார், அவர்களோடு வாதாடினார். அவருக்கு யாரும் மூன்று மணி நேரக் கணக்கு வைக்கவில்லை. பறிக்க அவரிடம் குருத்துவம் இல்லை. தொழிலாளிக் குருக்கள் பற்றிய பெருங்கதை முழுக்க ஆண்களின் கதையாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

1959 ஜூலையில் ரோம் அந்த மூன்று மணி நேரத்தையும் பிடுங்கிக்கொண்டது. கார்தினால் பிசார்தோ எழுதிய கடிதம், ஆலை வேலை குருத்துவ வாழ்வோடு பொருந்தாது என்றது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது தொழிலாளர் கூட்டத்தை மதம் இழந்த கூட்டம் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டது. அப்போது பாப்பரசராக இருந்தவர், முன்பு பாரிஸில் தூதராக இருந்து இந்தக் குருக்களை நேரில் அறிந்த இருபத்துமூன்றாம் யோவான்! தனிமனிதர் நல்லவரா என்பதைப் பொறுத்து நிறுவனங்கள் இயங்குவதில்லை.

நம் பக்கம் இதற்கொரு உறவு உண்டு. பெல்ஜியக் குரு யோசேப்பு கார்டைன் 1925ல் தொடங்கிய இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் தமிழகம்வரை வந்தது. அதன் 'பார், தீர்மானி, செயல்படு' என்கிற முறையில் பயிற்சி பெற்றவர்கள் பிற்பாடு கட்சிகளிலும் சங்கங்களிலும் இருந்தார்கள். கேரளக் கடற்கரையில் இலத்தீன் கத்தோலிக்க அடையாளத்தோடு தொடங்கிய மீனவர் சங்கம், 1980ல் அந்தப் பெயரை உதறிவிட்டுச் சுதந்திர மத்ஸ்யத் தொழிலாளி பெடரேசன் ஆனது. விசைப்படகுகளின் மழைக்கால மீன்பிடிப்புக்குத் தடை கேட்டு பாதர் தாமஸ் கோச்சேரி போன்றவர்களும் கன்னியாஸ்திரிகளும் உண்ணாவிரதம் இருந்தார்கள். 1989ல் தேசிய மீனவர் பேரவை கிழக்கிலும் மேற்கிலுமிருந்து கடலோரமாக நடத்திய நடைப்பயணம் மே 1 அன்று கன்னியாகுமரியில் முடிந்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பிரெஞ்சுக் குருக்களைப் போல இவர்கள் கூலிக்குக் கடலில் போகவில்லை. ஆனால் பங்குக் கோயிலின் பெயரில் இருந்த சங்கத்தை மீனவனின் பெயருக்கு மாற்றியது அதே திசையில் எடுத்துவைத்த அடி. இங்கே போதனை தடுமாறிய இடம் வேறு. 'தொழிலாளி' என்று சுற்றுமடல் சொல்கிறபோது, கல்லறைத் தோட்டத்தில்கூட தலித்துகளுக்கு நடுவே சுவர் எழுப்பிவைத்திருந்த ஊர்களில் அந்தச் சொல் யாரைக் குறித்தது? கூலி நியாயம் பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை.

பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1964ல் சி.எஃப்.டி.சி.யின் பெரும்பான்மை 'கிறித்தவ' என்கிற சொல்லை நீக்கி சி.எஃப்.டி.டி. என்று பெயர் மாற்றிக்கொண்டது. சிறுபான்மை பழைய பெயரோடு தனியே நின்றது. 1981ல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் மூலதனத்தைவிட உழைப்புக்கே முதன்மை என்றது. போலந்தில் அவர் படம் போட்ட பேனாவால் வலேசா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஓராண்டு ஆகியிருந்தது. கம்யூனிச அரசுக்கு எதிராகத் தொழிலாளி எழுந்தபோது திருச்சபை அவனோடு நின்றது. முதலாளிக்கு எதிராக இலத்தீன் அமெரிக்காவில் எழுந்தவனோடு நின்ற இறையியலாளர்களை 1984ல் எச்சரித்தது. ஷெனு 1979ல், தன் 84ஆம் வயதில், ஒரு சிறு நூல் எழுதினார். திருச்சபையின் 'சமூகப் போதனை'யைக் கருத்தியல் என்று அதன் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். மேலே தயாரித்து கீழே பொருத்தப்படுகிற போதனையை அவர் மறுத்தார். 1954ல் அவரை ஊரைவிட்டு அனுப்பியவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்த பதில் என்று நான் அதை வாசிக்கிறேன்.

தடை 1965 அக்டோபர் 23ல் நீங்கியது. ஆறாம் பவுலின் ஒப்புதலோடு பிரெஞ்சு ஆயர்கள், குருக்கள் ஆலையில் முழுநேரம் உழைக்கலாம் என்று அறிவித்தார்கள். சங்கத்தில் சேரலாம். பொறுப்பு வகிக்கக் கூடாது. எழுபதுகளில் பல நூறு பேர் போனார்கள். பொறுப்பு பற்றிய அந்த நிபந்தனையை அவர்களில் நிறையப் பேர் கண்டுகொள்ளவில்லை. ஆயர்களும் கேட்கவில்லை.